ஒரு வழக்குக்கு ஒரு கோர்ட்டு

என் மகளுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தபோது அவள் முகம் உப்பத் தொடங்கியது. காலையில் எழும்போது இமைகள் இரண்டும் தடித்துக் கண்கள் வெறும் கீற்றாகத் தெரியும், உச்சிப்பொழுதுக்குள் வடிந்துவிடும். நாங்கள் அதைக் கொழுமை என்று எண்ணி மகிழ்ந்தோம். பிள்ளை முகத்தை முழுமதி என்று பாடும் பாட்டுகளில் ஊறி வளர்ந்தவன் நான்; என் வீட்டிலும் ஒரு மதி வளர்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எதிர் வீட்டு அம்மாள், "இப்பத்தான் கன்னத்துல சதை வெச்சிருக்குது, சுத்திப் போடுங்க, கண்ணு பட்டுடும்" என்றாள். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டோம். பத்து நாளில் கால் வீங்கியது. பாவாடை நாடா இடுப்பில் பதிந்து பள்ளமாக நின்றது. ஒரு நாள் முழுவதும் பிள்ளை கழித்த சிறுநீர் ஒரு டம்ளர்கூட இல்லை என்று என் மனைவி கவனித்துச் சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

அது அறுபதுகளின் இறுதி. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் சூடு பிடித்திருந்த காலம். நான் ஒரு பட்டறையில் மண் கிடங்குக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். விடியற்காலையில் பெரிய கோயிலுக்குச் சென்று காலைச் சந்தியில் பதிகம் பாடுவேன். வீடு திரும்பி உண்டுவிட்டு எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போவேன். பாடுவது எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வந்த முறை. பட்டறை வயிற்றுக்காக வந்தது. மூட்டை தூக்குகிறவர்கள்கூட என்னைச் சாமி என்றுதான் அழைத்தார்கள். அழைக்கிறவர்களுக்கு அது ஒரு மரியாதைச் சொல். நான் அதை உண்மை என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

உள்ளூர் மருத்துவர் பிள்ளையின் காலை விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. "கிட்னி கோளாறு. புதுச்சேரிக்குக் கொண்டு போங்க" என்றார்.

"அஞ்சு வயசுப் புள்ளைக்கா?" என்று கேட்டேன்.

"நோய் வயசு கேட்டுக்கிட்டா வருது?" என்றார் அவர், சீட்டை எழுதியபடியே.

புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில், ஒரு ஓரத்தில் வீக்கக்காரப் பிள்ளைகளுக்கென்றே ஆறு கட்டில்கள் இருந்தன. அங்கிருந்த மருத்துவர் எங்களுக்கு விளங்கும்படி சொன்னார். சிறுநீரகம் ஒரு வடிகட்டி. அதன் கண் பெரிதாகிவிட்டதால் இரத்தத்தில் நிற்க வேண்டிய சத்து சிறுநீரோடு ஒழுகிப் போகிறது; வெளியே போக வேண்டிய நீர் உடம்பிலேயே தங்குகிறது. மாத்திரை ஒன்று இருக்கிறது, அது கேட்கும். ஆனால் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும், திடீரென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மாத்திரையினாலேயே கன்னம் உப்பும், அதைக் கண்டு மிரளாதீர்கள். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும்; திரும்பிய உடம்பில் வேறு கிருமி புகுந்தால் பிள்ளை தாங்காது. இத்தனையையும் அவர் தெளிவாகவே சொன்னார். இதை நான் வற்புறுத்தி எழுதுவதற்குக் காரணம் உண்டு. எனக்கு யாரும் சொல்லவில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல முடியாது.

அந்த வார்டில் காலை வேளைக்கு ஒரு வழக்கம் இருந்தது. தாய்மார் தத்தம் பிள்ளையின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துக்கொண்டு ஸ்பிரிட் விளக்கின் முன் வரிசையாக நிற்பார்கள். சிஸ்டர் அதைக் கொதிக்க வைப்பார். தெளிவாக நின்றால் நோய் அடங்குகிறது. வெள்ளையாகத் திரிந்தால் சத்து ஒழுகுகிறது. கொஞ்ச நாளில் அந்தப் பெண்களே கொதிக்க வைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

"என்னாக்கா, இன்னிக்கு உங்க வூட்டுல பாலா, தயிரா?"

"தயிருதாண்டி. ஒறை ஊத்தாமலே கட்டித் தயிரு."

"எடுத்து வையி, மத்தியானத்துக்கு மோர்க்கொழம்பு வெச்சிடலாம்."

சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். என் மனைவியும் அந்த வரிசையில் நின்றாள், சிரித்தாள், கற்றுக்கொண்டாள். ஞாயிறுதோறும் போய் வந்த எனக்கு அந்தச் சிரிப்பு அருவருப்பாக இருந்தது.

அடுத்த கட்டிலில் ஏழு வயதுப் பையன். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்து விவசாயி ஒருவரின் மூத்த மகன். தாய் வீட்டில் கைக்குழந்தையோடு இருந்ததால் தந்தையே உடனிருந்தார். பெண்கள் வரிசையில் இவரும் குழாயோடு நிற்பார். ஒருவரும் இவரைக் கேலி செய்ததில்லை. என் மனைவியைத் தங்கச்சி என்பார். அவள் ஊறவைத்த துணிகளை, கேட்காமலேயே எடுத்துப்போய் அலசிக் காயப் போடுவார். பையன் வாய்த்துடுக்கு. எல்லாப் பிள்ளைகளுக்கும் உப்பில்லாத சோறுதான். தட்டு வந்ததும் இவன் தொடங்குவான்.

"சிஸ்டரு, இந்தச் சோத்த எங்க வூட்டு மாடே திங்காது."

"மாட்டுக்கு மூஞ்சி வீங்கலையே ராசா, உனக்குல்ல வீங்கியிருக்குது. தின்னு."

"அப்ப நீங்க ஒரு வாய் தின்னு காட்டுங்க."

சிஸ்டர் உண்மையாகவே ஒரு வாய் உண்டு காட்டினார். முகம் சுளிக்கவில்லை. பையன், "உங்களுக்கு நாக்கே இல்ல" என்றான். வார்டே சிரித்தது.

மூன்றாம் வாரம் என் மகளின் குழாய் தெளிந்தது. ஐந்தாம் வாரம் அந்தப் பையனுடையதும் தெளிந்தது. இருவரையும் மாத்திரை கொடுத்து, மாதம் ஒருமுறை வந்து காட்டச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். என் மனைவி ஒரு ஸ்பிரிட் விளக்கும் ஒரு குழாயும் வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒழித்தாள். பிள்ளை பார்த்து ஏங்கக் கூடாது என்று நாங்களும் உப்பைக் குறைத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்த இருபது நாளில் மகளின் கன்னங்கள் மறுபடியும் உப்பின. மாத்திரையினால்தான் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். எனக்கோ, நோயும் மருந்தும் ஒரே முகத்தைக் காட்டினால் மருந்து எதற்கு என்று தோன்றியது. அந்த நினைப்போடு ஒரு நாள் ஊருக்கு வெளியே இருக்கும் முருகன் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினேன்.

எங்கள் பக்கத்தில் இது பழைய வழக்கம். களவு போன மாடு, பங்காளித் தகராறு, தீராத நோய், எதுவானாலும் கோர்ட்டில் மனுக் கொடுப்பது போலவே தாளில் எழுதி, பெயரும் ஊரும் குறித்து, சந்நிதியில் வைத்துப் பூசித்து, திருநீற்றோடு பொட்டலமாக்கி, வெளியே காவல் தெய்வத்தின் சூலத்தில் கட்டுவோம். மூன்று மாதம் தவணை. அதற்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்தால் திரும்பப் போய் ராஜினாமா எழுதி வைத்து வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். இறைவனோடு வழக்காடுவது எங்கள் பாட்டு மரபிலும் உள்ளதுதான். திட்டியும், கெஞ்சியும், முறையிட்டும் பாடிய அடியார்களின் சொல்லே எனக்குத் தாய்மொழி. என் மனுவையும் அந்தச் செந்தமிழிலேயே எழுதினேன். எழுதி முடித்ததும் அதன் ஓசை நயத்தை எண்ணி நானே மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "இனி மாத்திரை வேண்டாம். அந்தக் குழாயையும் விளக்கையும் தூக்கி எறி" என்றேன்.

"ஏங்க, கோயிலும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டுமே. என்னா கெட்டுப் போவுது?"

"ஒரு வழக்குக்கு ஒரு கோர்ட்டுதான். மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு எடத்துல நடத்தினா ரெண்டும் தள்ளுபடி ஆயிடும்."

இந்த வாக்கியம் அந்தக் கணத்தில் என் வாயில் வந்தது. சொன்னதும் அதன் பொருத்தம் எனக்கே பிடித்துப்போயிற்று. அவள் என் கண்ணெதிரே விளக்கைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

மூன்று மாதத்தில் மகள் தேறினாள். கன்னம் வடிந்தது, கால் மெலிந்தது, தெருவில் ஓடினாள். நான் முருகன் கோயிலுக்குப் போய் ராஜினாமா எழுதி வைத்தேன். பெரிய கோயில் மண்டபத்தில் பாட்டு முடிந்த பின் நாலு பேர் கூடினால் இதைச் சொல்வேன். புதுச்சேரி டாக்டர்கள் கைவிட்டதாகவும் சேர்த்துச் சொன்னேன், அவர்கள் கைவிடவில்லை. கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். அந்த வாக்கியத்தை ஊரில் பலர் எடுத்தாளக் கேட்டேன். "சாமி சொன்ன மாதிரி, ஒரு வழக்குக்கு ஒரு கோர்ட்டு" என்பார்கள்.

அது கருவேப்பிலங்குறிச்சி வரைக்கும் போய்விட்டது. ஒரு நாள் அந்த விவசாயி மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பையன் நன்றாகத்தான் இருந்தான். மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது, கன்னம் மட்டும் உருண்டிருந்தது.

"ஸ்கூலுல இவன பூசணிக்காங்கறாங்க சாமி" என்றார் தந்தை.

"நானும் அவனுங்களுக்குப் பேரு வெச்சிருக்கேன்" என்றான் பையன். என் மகளைப் பார்த்து, "நீ ஏன் எளச்சிட்ட? உப்பு குடுத்துட்டாங்களா?" என்று கேட்டான்.

தந்தைக்கு எழுதத் தெரியாது. பிராதை நானே எழுதினேன், கைநாட்டு வைத்தார். கோயிலுக்கும் உடன் போனேன். பொட்டலத்தைச் சூலத்தில் கட்டிவிட்டுத் திரும்பும் வழியில் கேட்டார், "மாத்திரைய என்னா பண்றது சாமி?"

நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். கற்றவன் சொல் என்று எடுத்துக்கொண்டார்.

ஐந்தாறு வாரம் கழித்துத் தனியாக வந்தார். காலையில் பையனின் கண் திறக்க முடியாமல் வீங்குகிறது, வயிறும் உப்பியிருக்கிறது என்றார். "ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடட்டுமா?"

"தவணை முடிஞ்சிடுச்சா?" என்றேன்.

"இன்னும் பாதிகூட ஆவலீங்க."

"அப்ப எதுக்கு பிராது கட்டினீங்க? வாய்தாவுக்கு முன்னால கோர்ட்ட மாத்தினா வழக்கு நிக்குமா? பொறுங்க. என் பொண்ணப் பாத்தீங்கல்ல?"

அப்போது என் மனைவி மோர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உடனே உள்ளே போகவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவளை ஏறிட்டுப் பார்த்தேன். ஆடவர் பேசும் இடத்தில் நிற்கிறாளே என்னும் பார்வை அது. அவளுக்கு அது பழகிய பார்வை. அவள் காலி டம்ளரைக்கூட வாங்கிக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டாள். அவர் மோரைக் குடித்து முடித்து, "போயிட்டு வரேன் சாமி, போயிட்டு வரேன் தங்கச்சி" என்று உள்பக்கம் பார்த்தும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

அடுத்து அவர் வந்தது ஒரு நண்பகல். மேல்சட்டை இல்லை, தோளில் துண்டு மட்டும். மொட்டை அடித்திருந்தார். மகன் சாவுக்குத் தந்தை மொட்டை அடித்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. ஏன் அடித்துக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. வயிற்று வலி என்று பையன் துடித்ததையும், காய்ச்சல் அனலாக அடித்ததையும், மாட்டுவண்டியிலும் பஸ்ஸிலுமாக விருத்தாசலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்ததையும், அங்கே பார்த்தவர் 'ஒரு வாரம் முன்ன வந்திருக்கக் கூடாதா' என்று கேட்டதையும் வரிசையாகச் சொன்னார். குரல் உயரவில்லை. விதைப்பு தப்பிப்போனதைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு தாம் வந்த காரியத்தைக் கேட்டார்.

"பிராது அப்பிடியே கெடக்குது சாமி. கேசு இல்லாம பிராது கட்டிக் கெடக்கக் கூடாதும்பாங்க. ராஜினாமா எழுதணும். புள்ளையே இல்ல, இப்ப அத யாரு பேர்ல எழுதறது? எம் பேர்லயா, அவம் பேர்லயா?"

அவரிடம் ஆறுதலாகவோ, மன்னிப்புக் கேட்டோ சொல்ல ஒரு சொல்லும் என்னிடம் இல்லை. ஆயிரக்கணக்கான பாடல்களை மனத்தில் வைத்திருந்தவன் நான். தாளை எடுத்தேன். 'என் மகன் பொருட்டு நான் கட்டிய பிராதை' என்று எழுதத் தொடங்கினேன். எழுத்து இம்முறையும் அழகாகவே வந்தது.

உள்ளிருந்து என் மனைவி வந்தாள். கையில் ஊறுகாய் ஜாடி. எங்கள் பட்டறையில் மூடி கோணிப்போனதென்று ஒதுக்கியதை நான்தான் கொண்டுவந்திருந்தேன். ஊறுகாய் ஒழிந்த நாளிலிருந்து பரணில் கிடந்தது. அதை அவர் முன்னால் தரையில் வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே மாத்திரைப் புட்டி, துணியில் சுற்றிய கண்ணாடிக் குழாய், ஸ்பிரிட் விளக்கு.

"அண்ணே, எம் பொண்ணுக்கு மாத்திரைய நான் நிறுத்தவே இல்ல."

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். நான் கோயிலுக்குப் போன பின் நாள்தோறும் குழாயைக் கொதிக்க வைத்துப் பார்த்தது, மாத்திரையைப் பொடித்து வெல்லத்தில் உருட்டிக் கொடுத்தது, பண்ருட்டிக்குத் தாய் வீட்டுக்குப் போவதாகச் சொல்லி மாதாமாதம் புதுச்சேரிக்குப் போய் டாக்டரிடம் காட்டியது, அவர் சொன்னபடி ஒவ்வொன்றாகக் குறைத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். நான் பெரிய கோயிலில் பதிகம் எடுத்த வேளையில் என் வீட்டில் இந்த விளக்கு எரிந்திருக்கிறது. என் மகளைப் பிழைக்க வைத்தது எது என்பதை வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளைகூட அறிந்திருந்தது; வெல்ல உருண்டையைப் பற்றி அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று அதற்கும் கற்றுக்கொடுத்திருந்தாள். நான் ஒருவன்தான் அறியாமல் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டிருந்தேன்.

அவர் ஜாடிக்குள் கையை விட்டார். குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வார்டில் பார்த்தது போலவே. திரும்ப உள்ளே வைத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அன்னிக்கு மோர் குடுத்தியே தங்கச்சி," என்றார். "அப்ப சொல்லியிருக்கலாமே."

என் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பதில் இருந்தது. அந்தப் பதில் நான்தான். ஆனால் அதை அவள் சொல்லவில்லை. 'அவள் சொல்ல வந்தாள், நான்தான் பார்த்த பார்வையில் அடக்கினேன்' என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு வரி. எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். இம்முறை போயிட்டு வரேன் என்று இருவரிடமும் சொல்லவில்லை. ராஜினாமாத் தாளையும் வாங்கிக்கொள்ளவில்லை. அவரை நான் மறுபடி பார்த்ததில்லை.

அவர் போன பின் என் மனைவி என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "உங்களுக்குப் பயந்த பயத்துல பாதி அந்தப் புள்ளைக்காகப் பயந்திருந்தா நான் பேசியிருப்பேன்." அதற்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் என்னோடு வாழ்ந்தாள், சமைத்தாள், என் நோயில் பணிவிடை செய்தாள், மகளுக்குத் திருமணம் முடித்தாள். இதைப் பற்றிப் பேசியதில்லை. நான் பாடும் நேரத்தில் கோயிலுக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டாள். உச்சிக்காலத்தில் தனியாகப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவாள்.

இறைவன்மீது எனக்குக் குறையில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று அவன் ஒருவருக்கும் சொன்னதில்லை. சூலத்தில் பிராது கட்டிவிட்டு மறுநாளே மருத்துவரைத் தேடிப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களை எந்தத் தெய்வமும் கோபித்ததில்லை. இரண்டு கோர்ட்டு கூடாது என்னும் சட்டம் நான் இயற்றியது. சொல் வளம் உள்ளவன் சொன்னால் அது வேதம் போல ஒலிக்கிறது. கேட்பவன் எழுத்தறியாதவனாக இருந்தால் அதற்குக் கட்டுப்பட்டும் விடுகிறான். பக்தியைப் பற்றி நான் வாழ்நாள் முழுதும் கற்றவற்றில் இதைச் சொல்லித் தந்த பாட்டு ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும், ஓசைக்காகவே அதைப் பாடியிருப்பேன்.

அவர் வந்து போன மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியுமுன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முருகன் கோயிலுக்குப் போனேன். சூலத்தைச் சுற்றிப் பொட்டலங்கள் கொத்துக் கொத்தாகக் கட்டிக் கிடந்தன. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, எது யாருடையது என்று தெரியவில்லை. அங்கே பணியில் இருந்தவரிடம் தாளை நீட்டி, கருவேப்பிலங்குறிச்சிக்காரருக்காக ராஜினாமா கொடுக்க வந்திருப்பதாகச் சொன்னேன்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "கைநாட்டு இல்லையே சாமி."

"அவரால் வர முடியவில்லை. எழுதியவன் நான்தான். பிராதை எழுதியவனும் நானே."

"யாரு வேணா எழுதலாங்க. கட்டினவங்கதான் வந்து எடுக்கணும்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வந்தேன். பெரிய கோயிலில் காலைச் சந்திக்கு மணி அடித்துவிட்டது. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பாடினேன். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. பாடி முடித்து மண்டபத்தை விட்டு இறங்கும்போது, இன்று குரலில் அப்படி ஓர் உருக்கம் என்று இரண்டு பேர் சொன்னார்கள்.